நமக்காக அடி வாங்கும் காற்று

போன இதழில் சூரியப் புயல் (சூரியன் மின்னூட்டத் துகள்களை வாரி வீசுவது) பற்றி இரண்டு வரி எழுதியதற்கே கேள்விகள் குவிந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் இடம் போதாது. சேலம், ஏற்காடு பக்கத்திலிருந்து வந்தவற்றை மட்டும் இந்த முறை எடுத்திருக்கிறேன். மற்ற மாவட்டத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: "இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர்கள் பூமிக்கு மிக அருகில் கடந்து போகின்றன, செல்போனை அணைத்துத் தள்ளி வையுங்கள், நாசா சொல்லிவிட்டது, சிங்கப்பூர் டிவியிலும் வந்தது" என்று எங்கள் அப்பார்ட்மென்ட் குரூப்பில் வந்தது. பையனுக்குப் பரீட்சை நேரம், அலாரமே போனில்தான். அணைக்கணுமா? (அம்மாபேட்டை வாசகி)

பதில்: வேண்டாம்மா. அலாரம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பல வருஷமாக ஊர் ஊராகச் சுற்றுகிற பழைய புரளி இது. நாசா, பிபிசி, சிங்கப்பூர் டிவி மூன்றும் ஒரே மெசேஜில் வந்தாலே உஷாராகிவிடலாம்.

காஸ்மிக் கதிர் என்பது விண்வெளியிலிருந்து பாய்ந்து வருகிற துகள்கள். அதற்கு நேரம் காலம் கிடையாது. ராத்திரி பகல் பார்க்காமல், எல்லாத் திசையிலிருந்தும், எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கு புரோட்டான்கள், மீதியில் பெரும்பகுதி ஹீலியம் அணுக்கரு. வெடித்துச் சிதறிய நட்சத்திரங்களின் மிச்சங்களில் வேகம் பிடித்து, பல பத்து லட்சம் ஆண்டுகள் பால்வெளியில் சுற்றிவிட்டு நம்மிடம் வந்து சேர்கின்றன. ஆனால் அப்படி வந்த புரோட்டான் உங்கள் மொட்டைமாடிவரை அநேகமாக வருவதே இல்லை. 15, 20 கிலோமீட்டர் உயரத்திலேயே ஏதாவது ஒரு நைட்ரஜன் அணுவின் கருவில் மோதி அதை உடைத்துவிடும். உடைந்த துண்டுகள் இன்னும் சில அணுக்களில் மோதும். இப்படியே பெருகிப் பெருகி, கடைசியில் தரைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் மியூயான் என்கிற துகள். உள்ளங்கையை விரித்து நீட்டினால் நொடிக்கு ஒன்றாவது அதன் வழியே போகும். இதைப் படித்து முடிப்பதற்குள் சில நூறு போயிருக்கும். செல்போனுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கேள்வி: ஐயா, நாகலூர் பக்கம் காபித் தோட்டத்தில் இருக்கிறேன். கிட்டத்தட்ட ஐயாயிரம் அடி உயரம். மேலே போகப் போக கதிர் அதிகம் என்று படித்தேன். பேரனைக் கேட்டால், "பூமியின் காந்தப்புலம் காப்பாத்திடும் தாத்தா" என்கிறான். யார் சொல்வது சரி? (ஏற்காடு வாசகர்)

பதில்: நீங்கள் படித்தது சரி. பேரன் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியைத்தான் எல்லாப் பாடப்புத்தகமும் முழுசாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது, எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

முதலில் உயரம். 1912 ஆகஸ்ட் 7ஆம் தேதி விக்டர் ஹெஸ் என்ற ஆஸ்திரிய இயற்பியலாளர், மின்னூட்டம் எவ்வளவு சீக்கிரம் கசிகிறது என்று அளக்கிற கருவிகளோடு பலூனில் ஏறி 5300 மீட்டர் வரை போனார். தரையிலிருக்கிற பாறையும் மண்ணும்தான் காற்றை அயனியாக்குகின்றன (அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து மின்னூட்டம் ஏற்றுகின்றன) என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் மேலே போகப் போகக் குறைய வேண்டும் அல்லவா? முதலில் கொஞ்சம் குறைந்தது, அப்புறம் ஏற ஆரம்பித்து, உச்சியில் தரையைவிடச் சில மடங்கு ஆகிவிட்டது. மேலிருந்து ஏதோ வருகிறது என்று அன்று புரிந்தது. அதே வருஷம் ஏப்ரலில் சூரிய கிரகணத்தின்போதும் பறந்து பார்த்திருந்தார், அளவு குறையவில்லை, ஆகவே சூரியனிலிருந்து வருவது அல்ல என்றும் சொன்னார். 1936இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி உங்கள் ஊர். சேலத்தில் சிப்ஸ் பாக்கெட் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினால், இருபது கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் பாக்கெட் உப்பிப் புடைத்துக்கொண்டு நிற்கும், பார்த்திருப்பீர்கள். மேலே அமுக்குகிற காற்று குறைந்துவிட்டது என்பதுதான் காரணம். கடல்மட்டத்துக்கு மேலே இருக்கிற காற்றில் ஆறில் ஒரு பங்கை நீங்கள் கீழேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறீர்கள். அதனால் கதிர் உங்களுக்குக் கூடுதல்தான். அதற்காகப் பயப்பட எதுவும் இல்லை. பொலிவியாவில் 4000 மீட்டர் உயரத்தில் லட்சக்கணக்கான பேர் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள்.

ஏன் பயமில்லை என்றால், நம் தலைக்கு மேலே இருக்கிற காற்றின் மொத்த எடை அவ்வளவு. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. பத்து மீட்டர் ஆழக் கிணற்றின் அடியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு மேலே எவ்வளவு தண்ணீர் இருக்குமோ, அவ்வளவு சரக்கு நமக்கும் மேலே இருக்கிறது.

சரி, காந்தப்புலம்? அதற்கும் வேலை இருக்கிறது. தென்னிந்தியாவுக்கு மேலே அது தரைக்குக் கிட்டத்தட்ட இணையாகப் படுத்திருக்கிறது. காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடி வழியாகத்தான் போகிறது. குறுக்கே வருகிற மின்னூட்டத் துகளைக் காந்தப்புலம் வளைத்துத் திருப்பிவிடும். அதனால் நேர் மேலிருந்து வருகிற புரோட்டானுக்குச் சுமார் 17 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கிற அலகு) ஆற்றல் இருந்தால்தான் நம் பக்கம் உள்ளே நுழைய முடியும். உலகிலேயே மிகக் கடினமான வாசல்களில் ஒன்று நம்முடையது. துருவங்களில் வாசலே கிடையாது, எது வந்தாலும் நேரே உள்ளே வரலாம். ஆனாலும் கடல்மட்டத்தில் அளந்தால் மியூயான் எண்ணிக்கை அங்கே பத்துப் பதினைந்து சதவீதம்தான் கூடுதல். அங்கே காப்பாற்றுவது யார்? காற்றுதான்.

காந்தப்புலத்தின் பங்கையும் நம்மூர்க்காரர்களே அளந்து காட்டியிருக்கிறார்கள். ஊட்டியில் டாடா ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 ஆய்வகத்தில் 2015 ஜூன் 22ஆம் தேதி, ஒரு சூரியப் புயல் வந்து மோதிய வேளையில், சுமார் இரண்டு மணி நேரம் மியூயான் எண்ணிக்கை திடீரென்று கூடியது. புயலால் காந்தப்புலம் கொஞ்ச நேரம் தளர்ந்து வாசல் லேசாகத் திறந்துவிட்டது என்று கணக்குப் போட்டார்கள். வாசல் தளர்ந்த அந்த நேரத்திலும் ஊட்டியில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதையும் பேரனிடம் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: காந்தப்புலம் போனதால் செவ்வாய் காற்றை இழந்தது என்கிறார்கள். நம் காந்தப்புலமும் ஒருநாள் போனால் நாமும் செவ்வாய் மாதிரி ஆகிவிடுவோமா சார்? (அஸ்தம்பட்டி, கல்லூரி மாணவி)

பதில்: வெள்ளியை ஏன் எல்லாரும் மறந்துவிடுகிறீர்கள்? அதற்குச் சொந்தக் காந்தப்புலமே கிடையாது. நம்மைவிடச் சூரியனுக்குப் பக்கத்தில் வேறு இருக்கிறது. ஆனால் அங்கே தரைமட்டக் காற்றழுத்தம் நம்மைப் போல 90 மடங்குக்கு மேல். காந்தப்புலம் இல்லாவிட்டால் காற்று போய்விடும் என்பது மட்டுமே கதை என்றால் வெள்ளி இந்நேரம் மொட்டையாகியிருக்க வேண்டும்.

நடப்பது இதுதான். சூரியனிலிருந்து எப்போதும் நொடிக்கு நானூறு கிலோமீட்டர் சுமார் வேகத்தில் மின்னூட்டத் துகள்கள் வீசிக்கொண்டிருக்கின்றன. கூடவே புற ஊதாக் கதிரும் வருகிறது. அந்தக் கதிர் மேல்மட்டக் காற்றின் அணுக்களை அயனியாக்கும். அயனியாகிவிட்டால் சூரியக் காற்றோடு வருகிற மின்புலமும் காந்தப்புலமும் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். இழுக்கப்பட்டதில் சில திரும்பி வந்து, மிச்சமிருக்கிற காற்றில் மோதி, அதிலிருந்து இன்னும் கொஞ்சத்தை வெளியே தெறிக்கவிடும். செவ்வாயில் இதைப் பார்க்கவே அனுப்பிய மேவன் விண்கலம் 2014 செப்டம்பரில், நம் மங்கள்யானுக்கு இரண்டே நாள் முன்னால், அங்கே போய்ச் சேர்ந்தது. நொடிக்குச் சுமார் 100 கிராம் காற்றைச் சூரியக் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது என்றும், 2015 மார்ச்சில் ஒரு சூரியப் புயல் தாக்கியபோது அந்த வேகம் பல மடங்கு கூடியது என்றும் அளந்தது. 100 கிராம்தானே என்று தோன்றும். அதுவே 400 கோடி ஆண்டுகள், அதுவும் சூரியன் இளவயதில் இப்போதைவிட மூர்க்கமாக இருந்த காலத்தையும் சேர்த்து என்றால்? எதோடும் சேராத வாயுவான ஆர்கானை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். செவ்வாயில் இருந்த ஆர்கானில் 65 சதவீதம் விண்வெளிக்குப் போய்விட்டது. இன்றைக்கு அங்கே காற்றழுத்தம் நம்முடையதில் ஒரு சதவீதம்கூட இல்லை.

ஆனால் செவ்வாய்க்குக் காந்தப்புலம் மட்டும் குறைவில்லை, ஈர்ப்பும் குறைவு. அங்கிருந்து தப்பிக்க நொடிக்கு 5 கிலோமீட்டர் வேகம் போதும், பூமியில் 11.2, வெள்ளியில் 10.4. இளைத்தவனிடம்தான் சூரியனும் வீரத்தைக் காட்டியிருக்கிறது. காந்தப்புலம் இருக்கிற பூமியே ஒன்றும் கசியாமல் இருக்கவில்லை. நொடிக்குச் சுமார் 3 கிலோ ஹைட்ரஜன் நம்மிடமிருந்து போய்க்கொண்டிருக்கிறது, துருவங்களின் வழியாக ஆக்சிஜன் அயனிகளும் கசிகின்றன. அதனால் உங்கள் கேள்விக்கு: நம் காந்தப்புலம் வடக்கு தெற்காகப் பலமுறை புரண்டிருக்கிறது, கடைசியாகப் புரண்டது சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால். புரளும்போது மிகவும் பலவீனமாகிவிடும். அப்போதெல்லாம் காற்று எங்கேயும் போய்விடவில்லை.

கேள்வி: மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கிமு 2172ஐச் சேர்ந்தது என்கிறார்கள். கார்பன்-14 வைத்துச் சொன்னார்களாம். அந்தக் கார்பனை முதலில் செய்தது யார்? (ஓமலூர், ஆசிரியர்)

பதில்: காஸ்மிக் கதிரும் காற்றும் சேர்ந்துதான் செய்தன. மேலே சொன்ன மோதலில் நியூட்ரான்களும் தெறிக்கும். அதில் ஒன்று நைட்ரஜன்-14 கருவுக்குள் புகுந்து ஒரு புரோட்டானை வெளியே தள்ளினால் அது கார்பன்-14 ஆகிவிடும். ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகி, செடிக்குள் போய், ஆட்டுக்குள் போய், நமக்குள்ளும் வரும். செத்த பிறகு புதிதாக வராது, உள்ளே இருப்பது 5730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகும். வில்லார்ட் லிபி இதை வைத்துக் காலம் கணிக்கலாம் என்று காட்டி 1960இல் நோபல் வாங்கினார். மயிலாடும்பாறைக் கணக்குப்படி சுமார் 4200 ஆண்டுகள் என்றால், ஆரம்பத்தில் இருந்ததில் ஐந்தில் மூன்று பங்கு இன்னும் மிச்சமிருக்கும். தேதி சொல்வது இரும்பு அல்ல, அந்த மண்ணடுக்கில் அதோடு கிடக்கிற கரித்துண்டு.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. 2012இல் ஃபூஸா மியாகே என்ற ஜப்பானிய ஆய்வாளரும் குழுவினரும் பழைய தேவதாரு மரத்தின் வளையங்களை ஒவ்வொன்றாக எடுத்து அளந்தார்கள். கிபி 774க்கும் 775க்கும் நடுவில் கார்பன்-14 ஒரேயடியாக 1.2 சதவீதம் ஏறியிருந்தது. அப்புறம் பார்த்தால் உலகம் பூராவும் அந்த வருஷ வளையங்களில் அதே ஏற்றம். கிரீன்லாந்து, அண்டார்டிகா பனியில் இதே மாதிரி மோதலில் உருவாகிற பெரிலியம்-10 என்ற இன்னொரு சாட்சியும் கிடைத்தது. கருவிகள் வந்த பிறகு நாம் பார்த்த எந்தப் புயலையும்விடப் பெரிய சூரியத் துகள் வீச்சு அது என்பதுதான் இன்று பெரும்பாலோர் கருத்து. காஞ்சியில் இரண்டாம் நந்திவர்மன் ஆண்டுகொண்டிருந்த காலம். ஊரில் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது, காற்று மட்டும் எழுதி வைத்துக்கொண்டது.

கேள்வி: 1979இல் அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் விழப்போகிறது என்று எங்கள் தெருவில் ஆட்டை வெட்டிச் சாப்பிட்டுவிட்டு, கடனையும் திருப்பிக் கொடுக்காமல் சாவுக்குக் காத்திருந்தவர்கள் உண்டு. அது ஏன் சொன்ன காலத்துக்கு முன்னாலேயே விழுந்தது? (செவ்வாய்பேட்டை, மூத்த வாசகர்)

பதில்: கடன் கொடுத்தவர் நிலையை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது ஐயா. காரணம் சூரியன்தான். சூரியனின் சீற்றம் ஏறி இறங்குகிற சுழற்சி அந்த முறை எதிர்பார்த்ததைவிட உக்கிரமாக அமைந்துவிட்டது. புற ஊதாக் கதிரும் புயல்களும் மேல்மட்டக் காற்றைச் சூடேற்றினால் அது உப்பி மேலே எழும்பும். நானூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற கலத்துக்கு அந்தக் காற்றே பிரேக் ஆகிவிடும். விண்வெளி ஓடத்தை அனுப்பி அதை மேலே தள்ளிவிடலாம் என்று நாசா நினைத்திருந்தது. ஓடம் தயாராவதற்குள் 1979 ஜூலை 11ஆம் தேதி ஸ்கைலாப் இறங்கிவிட்டது. துண்டுகள் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விழுந்தன. நம் தலையில் விழவில்லை.

இதே கூத்து 2022 பிப்ரவரியிலும் நடந்தது. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களை ஒரே தடவையில் விட்டது. 210 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும்போது சூரியன் கிளப்பிவிட்ட ஒரு சுமாரான காந்தப் புயல்தான் வந்தது, பெரிய புயல்கூட இல்லை. காற்று அடர்த்தியாகி, கிட்டத்தட்ட 40 கலங்கள் மேலே ஏற முடியாமல் எரிந்துபோயின.

கேள்வி: காஸ்மிக் கதிர் அதிகமானால் மேகம் அதிகமாகி மழை கூடுமா? யூடியூபில் பூமி சூடாவதற்கே அதுதான் காரணம் என்கிறார்கள். (வாழப்பாடி, விவசாயி)

பதில்: காற்று அயனியானால் மேகத்துளிக்கு விதையாகிற நுண்ணிய துணுக்குகள் சேர்வது கொஞ்சம் எளிதாகும் என்பது உண்மை. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் பெரிய எஃகுத் தொட்டிக்குள் காற்றை அடைத்து, பையான் என்ற துகள்களின் கற்றையைப் பாய்ச்சி, இதற்காகவே கிளவுட் என்ற சோதனை நடக்கிறது. மரங்கள் விடுகிற வாசனை ஆவிகளிலிருந்தே மேகத் துணுக்கு உருவாகும் என்பதுகூட அதில் தெரிந்ததுதான். ஆனால் காஸ்மிக் கதிரின் அளவு கூடிக் குறைவதால் மேகத்தில் வருகிற மாற்றம் மிகச் சிறியது. 1980களுக்குப் பிறகு சூரியன் கொஞ்சம் அடங்கித்தான் வந்திருக்கிறது, வெப்பம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது, கணக்கு ஒத்துவரவில்லை. மழைக்கு வங்கக்கடலைப் பாருங்கள்.

கேள்வி: சூரியத் துகள் ஓசோனில் ஓட்டை போடுமா? அப்புறம், 2024 மே மாதம் ஏற்காட்டில் சிவப்பு ஒளி தெரிந்ததாக ஒரு போட்டோ வந்ததே? (சூரமங்கலம்)

பதில்: இரண்டாவதற்கு முதலில் பதில். அந்த மே 10, 11 தேதிகளில் வந்த சூரியப் புயலில் லடாக்கின் ஹான்லே வானிலையத்துக் கேமராக்களில் சிவப்பு ஒளி பதிவானது நிஜம். 200 கிலோமீட்டருக்கு மேலே ஆக்சிஜன் விடுகிற வெளிச்சம் அது, உயரத்தில் இருப்பதால் தூரத்திலிருந்தும் அடிவானத்தில் தெரியும். ஏற்காட்டுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. பகோடா பாயிண்டில் சாயங்காலம் எடுத்த படத்தில் யாரோ போனிலேயே கைவரிசை காட்டியிருக்கிறார்கள்.

ஓசோன்: ஆமாம், கொஞ்சம் அரிக்கும். வேகமான புரோட்டான்கள் துருவங்களுக்கு மேலே நுழைந்து நைட்ரஜன் மூலக்கூறை உடைக்கும். உடைந்தது ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு ஆகும், அது ஓசோனைத் தின்னும், தின்ற பிறகும் தான் தீராமல் அடுத்ததைத் தின்னப் போகும். 1972 ஆகஸ்ட்டில் பெரிய வீச்சு ஒன்று வந்தபோது நிம்பஸ்-4 செயற்கைக்கோள் இதை மேலிருந்து பார்த்தது. (அந்த ஆகஸ்ட் அப்போலோ 16க்கும் 17க்கும் நடுவில் வந்தது. நிலவில் யாரும் இல்லாதது நல்ல காலம்.) ஆனால் அடிபடுவது பெரும்பாலும் 35 கிலோமீட்டருக்கு மேலே இருக்கிற ஓசோன். மொத்தத்தில் அது சின்னப் பங்கு. பெரிய பங்கு கீழே பத்திரமாக இருக்கிறது. அதை ஓட்டையாக்க நம் குளிர்சாதனப் பெட்டி வாயுதான் வேண்டியிருந்தது.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, இதைக் கண்ணால் பார்க்க முடியுமா? எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு வேண்டும். (ஆத்தூர், பத்தாம் வகுப்பு)

பதில்: முடியும் தம்பி. சின்ன மீன்தொட்டி ஒன்று எடுத்துக்கொள். அடிப்பக்கத்தில் ஸ்பாஞ்சை ஒட்டி, அது நனைகிற அளவு ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஊற்று. 99 சதவீதமாக இருக்க வேண்டும், மருந்துக்கடை சானிடைசர் சரிப்படாது. கறுப்புப் பூச்சடித்த உலோகத் தகட்டை மூடியாகப் போட்டு, ஓரத்தைக் காற்றுப் புகாமல் ஒட்டி, தொட்டியைக் கவிழ்த்து ட்ரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) மேல் வை. பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தகட்டுக்குச் சற்று மேலே மெல்லிய மூட்டம் கட்டும். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார். முதலில் ஆல்கஹால் தூறல் மட்டும் தெரியும். அப்புறம் வெள்ளை நூல் மாதிரி கோடுகள் திடீரென்று தோன்றி ஒன்றிரண்டு நொடியில் கலைந்துபோகும். குட்டையாய்த் தடிமனாய் இருந்தால் அது காற்றிலிருக்கிற ரேடான் என்ற கதிரியக்க வாயுவிலிருந்து வந்த ஆல்ஃபா துகள். கோணல்மாணலாய் வளைந்தால் எலக்ட்ரான். நீளமாய், ஒல்லியாய், நேராய்ப் போனால் அது பெரும்பாலும் நம் மியூயான். நீதிபதிகளிடம் எதைக் காட்டுகிறாயோ அதை ஸ்லோமோஷனில் போனில் எடுத்து வைத்துக்கொள், அவர்கள் வருகிற நேரத்தில் மூட்டம் கலைந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஆல்கஹால் தீப்பிடிக்கும், பக்கத்தில் அடுப்போ ஊதுபத்தியோ கூடாது. ட்ரை ஐஸ் மைனஸ் 78 டிகிரி, தடித்த கையுறை இல்லாமல் தொடாதே. அறையில் ஜன்னல் திறந்திருக்கட்டும், ஆசிரியர் ஒருவர் கூட இருக்கட்டும்.